அச்சிட்ட கட்டணமும் கட்டும் கட்டணமும்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு மாணவர்கள் ஒரே தொகையைக் கட்டுவது அபூர்வம். கல்லூரி ஆண்டுதோறும் ஒரு கட்டணத்தை அச்சிட்டு வெளியிடுகிறது. குடும்ப வருமானம், சேமிப்பு, மாணவரின் மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்து அதில் ஒரு பகுதியைக் கழிக்கிறது. மிஞ்சுவதே குடும்பம் கட்ட வேண்டியது. அதற்கு நிகரக் கட்டணம் என்று பெயர். தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் கழிவு, சராசரியாகப் பார்த்தால், அச்சிட்ட கட்டணத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. ஆகவே எந்தக் கல்லூரி கட்டுப்படியாகும் என்பதை விலைப்பட்டியலைக் கொண்டு சொல்ல முடியாது. விண்ணப்பம் போடும் முன்பே அந்த மிச்சத் தொகையைக் கணித்துப் பார்ப்பது அங்கே பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு தனிக் கலையாகிவிட்டது. இது திடீரென வந்த வழக்கமல்ல. குடும்பத்தின் பணநிலை முழுவதும் கல்லூரிக்குத் தெரிந்த பிறகே கல்லூரியின் உண்மையான விலை குடும்பத்துக்குத் தெரியவரும் என்ற நிலை எழுபது ஆண்டுகளில் படிப்படியாக உருவானது. அதைத் திருத்த எடுத்த முயற்சிகளும் அந்த வரலாற்றின் பகுதியே.

தொடக்கத்தில் விலை ஒன்றுதான். 1636இல் நிறுவப்பட்ட ஹார்வர்டில் பதினேழாம் நூற்றாண்டு மாணவர்கள் பலர் பணத்துக்குப் பதிலாகக் கோதுமை, மால்ட், கால்நடை என்று கொண்டுவந்து கணக்குத் தீர்த்தார்கள். ஏழை மாணவருக்கு உதவி என்பது தனிமனிதரின் அறக்கொடை. 1643இல் லண்டனைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற சீமாட்டி கொடுத்த 100 பவுண்டுதான் அந்த நாட்டின் முதல் கல்வி உதவித்தொகை நிதி. பிற்காலத்தில் ஹார்வர்டின் பெண்கள் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல இடங்களில் கட்டணமே இல்லை. நியூயார்க் நகர மக்கள் 1847இல் வாக்களித்து நிறுவிய இலவசக் கல்விக்கூடமே பிற்பாடு சிட்டி காலேஜ் ஆனது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் அரசு நிலத்தை மாநிலங்களுக்குக் கொடுத்து, அதை விற்ற பணத்தில் வேளாண்மை, பொறியியல் கல்லூரிகளை உருவாக்கியது. 1891இல் திறந்த ஸ்டான்ஃபோர்டு 1920 வரை கல்விக் கட்டணம் வாங்கவில்லை. அக்காலக் குடும்பம் போட்ட கணக்கு எளிது: பயணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், அத்தோடு பண்ணையில் ஓர் ஆள் குறைவதால் வரும் நஷ்டம். இவை எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே மதிப்பிட முடிந்தது. இந்த எளிமையை இழந்தது எவ்வளவு பெரிய இழப்பு என்பது பின்னால் வந்த சிக்கல்களைப் பார்த்தால்தான் விளங்கும்.

1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டமும் அதே எளிமையைக் கொண்டிருந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அரசு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணமாகவும், மணமாகாதவருக்கு மாதம் 50 டாலர் செலவுக்கும் கொடுத்தது. அப்போது ஹார்வர்டின் கட்டணமே 400 டாலர்தான். வீரருக்குத் தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே தெரியும். 1956க்குள் இந்தச் சட்டத்தால் கல்லூரிக்குப் போனவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களின் கையில் அதே உரிமை இருந்தும் சேர்த்துக்கொள்ளக் கல்லூரி இல்லை. வெள்ளையர் கல்லூரிகள் கதவை மூடிவைத்திருந்தன; கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளில் இடம் போதவில்லை.

வீரர்களின் அலை ஓய்ந்ததும் தனியார் கல்லூரிகள் நல்ல மாணவர்களைப் பிடிக்க உதவித்தொகையைக் கூட்டிக் கூட்டிக் கொடுக்கத் தொடங்கின. பணம் தேவைப்படாத வீட்டுப் பிள்ளைக்கும் சலுகை போனது. இதைக் கண்டு கவலைப்பட்டவர்களில் முக்கியமானவர், ஹார்வர்டில் நிதியுதவிப் பொறுப்பில் இருந்த ஜான் மன்ரோ. ஒரு குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை வருமானம், வரி, பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துக் கணக்கிட அவர் ஒரு சூத்திரம் வகுத்தார். அதே எண்ணத்தின் மேல் 1954இல், கல்லூரி நுழைவுத் தேர்வுகளை நடத்தும் கல்லூரி வாரியம் தன் உதவித்தொகைச் சேவையைத் தொடங்கியது. பெற்றோர் ஒரு ரகசிய அறிக்கையில் சம்பளம், வீடு, சேமிப்பு, கடன் அனைத்தையும் எழுதி அனுப்புவார்கள்; சேவை நிலையம் கணக்கிட்டு முடிவைக் கல்லூரிகளுக்கு அனுப்பும். மொத்தச் செலவிலிருந்து குடும்பத்தின் பங்கைக் கழித்தால் வருவது தேவை. அந்தத் தேவைக்கு ஏற்ப உதவி. இன்றுவரை அமெரிக்க நிதியுதவி முழுவதும் நிற்பது இந்தக் கழித்தல் கணக்கின் மேல்தான்.

மன்ரோவின் நோக்கத்தில் களங்கம் இல்லை. ஹார்வர்டின் டீன் பதவியை விட்டு 1967இல் அலபாமாவில் உள்ள மைல்ஸ் கல்லூரிக்கு, கறுப்பின மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் போனவர் அவர். ஆனால் அந்த முறை ஒரு வரிசையை நிலைநிறுத்திவிட்டது. முதலில் விண்ணப்பம், பிறகு பெற்றோரின் கணக்கு, பிறகு அனுமதிக் கடிதம், கடைசியில்தான் விலை. எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கும் நாளில் குடும்பத்தின் கையில் இருந்தது அச்சிட்ட கட்டணம் மட்டுமே. அதைப் பார்த்தே பின்வாங்கியவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கல்லூரிகள் தங்களுக்குள்ளும் பேசிக்கொண்டன. 1958 முதல் ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் எம்.ஐ.டி.யும் ஆண்டுதோறும் கூடி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அனுமதி பெற்ற மாணவர்களின் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் குடும்பம் எங்கே சேர்ந்தாலும் ஒரே தொகை கட்டும்படி ஒத்துக்கொண்டன. உதவிப் பணம் உண்மையான தேவையுள்ளவருக்கே போக வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். விலையைக் கூடிப் பேசி நிர்ணயிப்பது சட்டவிரோதம் என்று கருதிய நீதித்துறை 1991இல் வழக்குத் தொடுத்தது. ஐவி கல்லூரிகள் உடனே சமரசம் செய்துகொண்டன, எம்.ஐ.டி. மட்டும் வழக்காடியது. கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 1993இல் மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவு பெற்று, அவ்வாண்டு இறுதியில் அதுவும் சமரசத்துக்கு வந்தது. தேவையைக் கணக்கிடும் பொது முறையைக் கலந்துபேசலாம் என்று அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் கொடுத்த விலக்கு 2022இல் காலாவதியானது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, அந்த விலக்கின் நிபந்தனையை மீறியதாகப் பதினாறு பல்கலைக்கழகங்கள் மேல் சிகாகோவில் வழக்கு விழுந்திருந்தது. குடும்பங்களைப் பொறுத்தவரை 1991க்குப் பிறகு வந்த மாற்றம் ஒன்றுதான்: ஒரே மாணவருக்கு இரண்டு கல்லூரிகள் அனுப்பும் தொகை மாறுபடலாம், ஆகவே கடிதங்களை ஒப்பிட்டே தீர வேண்டும்.

இதற்குள் மத்திய அரசு களத்துக்கு வந்து நெடுநாள் ஆகியிருந்தது. சோவியத் யூனியன் 1957இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றிய அதிர்ச்சியில் பிறந்த 1958ஆம் ஆண்டுச் சட்டம், மாணவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை 3 சதவீத வட்டியில் கடன் கொடுத்தது. 1965 நவம்பர் 8 அன்று லிண்டன் ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இடம், டெக்சஸின் சான் மார்க்கஸில் அவரே படித்த கல்லூரி. மாணவப் பருவத்தில் துப்புரவு வேலை செய்து சம்பாதித்த அதே வளாகம். ஏழை மாணவர் மானியத்துக்கும் அரசு உத்தரவாதம் பெற்ற வங்கிக் கடனுக்கும் அந்தச் சட்டமே அடித்தளம்.

பணத்தை யாரிடம் கொடுப்பது என்ற வாதம் 1972இல் தீர்ந்தது. கல்லூரிகளுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றவர்களை மீறி, மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்ற ரோட் ஐலண்ட் செனட்டர் கிளெய்போர்ன் பெல்லின் கருத்து வென்றது. மானியம் மாணவரோடு நடந்து அவர் சேரும் கல்லூரிக்குப் போகும். உச்சவரம்பு 1,400 டாலரில் குடும்பப் பங்கைக் கழித்தது போக மீதி. 1980இல் அதற்கு பெல் மானியம் என்று பெயரிட்டார்கள். முதலாண்டான 1973–74இல் நிதி போதாமல் முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும், அதிகபட்சம் 452 டாலர் என்ற அளவில்தான் கிடைத்தது. தொகை சிறிதானாலும் கருத்து பெரிது: குடும்பத்தின் பங்கைக் கணக்கிடும் சூத்திரத்தை அரசே வெளிப்படையாக வகுத்ததால், கல்லூரியின் தயவை எதிர்பாராமல் தனக்கு உரியது எவ்வளவு என்று ஒரு மாணவர் முன்கூட்டி அறிய முதல்முறையாக வழி பிறந்தது. 1976இல் கல்லூரிகள் தங்கள் செலவு விவரங்களையும் உதவித் திட்டங்களையும் மாணவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

அந்த வழி அகலமாகும் முன்பே விலை ஓடத் தொடங்கியது. நகரம் திவாலாகும் நிலைக்குப் போனபோது, 1976இல் நியூயார்க்கின் இலவசக் கல்லூரிகள் கட்டணம் வாங்கத் தொடங்கின. 1980களில் கட்டணங்கள் விலைவாசியைவிட வேகமாக ஏறின. 1970களின் நடுவில் பெல் மானியத்தின் உச்சத் தொகை அரசுக் கல்லூரி ஒன்றின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தாங்கியது; அண்மை ஆண்டுகளில் 7,395 டாலராக உயர்ந்தும் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்கவில்லை. இடைவெளியை நிரப்பியது கடன். 1978இல் வருமான வரம்பின்றி எல்லோருக்கும் மாணவர் கடன் திறக்கப்பட்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் சுருக்கப்பட்டது; 1980இல் பெற்றோர் பெயரில் வாங்கும் கடன் வந்தது; 1992இல் வருமானம் பாராமல் வட்டிச் சலுகையற்ற கடன் வந்தது.

அதே காலத்தில் கல்லூரிகள் கழிவைக் கையாளும் விதமும் மாறியது. 1970களில் பாஸ்டன் கல்லூரியில் ஜாக் மகுவையர் வளர்த்த சேர்க்கை நிர்வாகம் என்ற துறை, எந்த மாணவருக்கு எவ்வளவு கழித்தால் அவர் வந்து சேருவார் என்று புள்ளிவிவரத்தைக் கொண்டு கணித்தது. அதிக விலை அச்சிட்டால் தரமான கல்லூரி என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. ஆக, விலையை உயர்த்தி, உயர்த்தியதில் பெரும்பகுதியைத் தகுதி உதவித்தொகை என்ற பெயரில் திருப்பிக் கொடுப்பது பரவியது. ஜார்ஜியா மாநிலம் 1993இல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு தொடங்கிய ஹோப் திட்டம், நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்கு மாநிலக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்றது. அதில் முதலில் இருந்த வருமான வரம்பும் விரைவிலேயே நீங்கியது. நடுத்தர வர்க்கத்துக்கு இவை உதவின என்பது உண்மை. ஆனால் தேவை அளவில் மட்டும் உதவி என்ற மன்ரோவின் கோடு அழிந்தது, விலையை வெளியிலிருந்து ஊகிப்பதும் மேலும் கடினமாயிற்று.

1992இல் நாடாளுமன்றம் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதுவரை பெற்றோர் தனியார் சேவைகளுக்குக் கட்டணம் செலுத்திப் படிவம் நிரப்பினார்கள். அதற்குப் பதில் ஃபாஃப்சா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலவசக் கூட்டாட்சி விண்ணப்பம் வந்தது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பு மத்திய அரசின் சூத்திரத்திலிருந்து நீக்கப்பட்டது. பணக்காரத் தனியார் கல்லூரிகள் பல அதை ஏற்கவில்லை. வீட்டையும் கணக்கில் சேர்க்கத் தங்களுக்கென சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இரண்டாவது படிவத்தை வைத்துக்கொண்டன. அதனால் கலிஃபோர்னியாவில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீடு விலையேறிய ஒரே காரணத்தால், சம்பளம் அதேயிருந்தும், ஒரு குடும்பத்தின் பங்கு இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமாக வரும். செலவுக் கணக்கிலும் இதே முரண்பாடு. விடுதிக்கு வெளியே தங்கினால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு ஆகும் என்பதைக் கல்லூரியே மதிப்பிடுவதால், ஒரே ஊரில் உள்ள கல்லூரிகள்கூட வெவ்வேறு தொகை சொல்கின்றன.

வெளிநாட்டு மாணவர்களுக்கு ஃபாஃப்சா வழி அடைத்தே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இளநிலைப் படிப்புக்குப் போகும் மாணவர் கல்லூரியின் சொந்த நிதியை மட்டுமே நம்ப வேண்டும். விசாவுக்கு முன் முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதையும் காட்ட வேண்டும். வெளிநாட்டவரின் பண வசதியைப் பார்க்காமல் அனுமதித்து, தேவை முழுவதையும் ஏற்கும் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் என்று விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன.

ஃபாஃப்சாவின் பெரிய குறையாக இருந்தது நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் மட்டுமல்ல, அதன் நாள்காட்டியும்தான். பள்ளி இறுதியாண்டின் ஜனவரி முதல் நாளுக்கு முன் அதை நிரப்ப முடியாதிருந்தது. பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் அதே காலத்தில் முடிந்துவிட்டது. கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பிறகே குடும்பப் பங்கு தெரிந்தது. இது 2016இல்தான் மாறியது. ஓராண்டு முந்தைய வரிக் கணக்கை ஏற்பதென முடிவு செய்து, படிவத்தை அக்டோபர் முதல் தேதியிலேயே திறந்தார்கள். படிவத்தின் சுமை எவ்வளவு பெரியது என்பதை அதற்குமுன் ஒரு சோதனை காட்டியிருந்தது. வரி தாக்கல் செய்ய எச் அண்ட் ஆர் பிளாக் அலுவலகத்துக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, அங்கேயே சில நிமிடங்களில் ஃபாஃப்சாவை நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் விகிதம் 8 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.

விலையை முன்கூட்டிக் காட்டும் கடமையைக் கல்லூரிமேல் நேரடியாகச் சுமத்தியது 2008ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டம். மத்திய உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் 2011 அக்டோபர் 29க்குள் தன் இணையதளத்தில் நிகரக் கட்டணக் கணிப்பான் ஒன்றை வைக்க வேண்டும் என்றது. வருமானம் முதலான சில விவரங்களைத் தட்டினால், அதே நிலையில் உள்ள குடும்பம் எவ்வளவு கட்டியது என்று அது சொல்லும். எழுபது ஆண்டு வரலாற்றில் இதைவிடச் சரியான திசையில் எடுத்த அடி வேறில்லை. செயலில் குறைகள் உண்டு. அரசு கொடுத்த மாதிரிக் கணிப்பான் வருமான அடுக்கின் நடுத்தொகையை மட்டுமே தருகிறது; சில கணிப்பான்கள் பழைய ஆண்டின் கட்டணத்திலேயே நின்றுவிடுகின்றன; சொந்தத் தொழில் செய்வோருக்கும் பிரிந்து வாழும் பெற்றோருக்கும் விடை பிசகுகிறது. கேள்விகளின் எண்ணிக்கையே பலரை விரட்டியது. அதனால் வெல்ஸ்லி கல்லூரிப் பொருளியல் பேராசிரியர் ஃபிலிப் லெவின் 2013இல் ஒரு சில கேள்விகளோடு முடியும் மைஇன்ட்யூஷன் என்ற எளிய கணிப்பானை உருவாக்கினார்; பிற கல்லூரிகளும் அதை ஏற்றன. 2015இல் அரசு விரிவாக வெளியிட்ட காலேஜ் ஸ்கோர்கார்டு, வருமான அடுக்கு வாரியாக நிகரக் கட்டணத்தையும் படித்து முடித்தவர்களின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது.

தகவல் கிடைத்தால் போதுமா என்ற கேள்வியைப் பொருளியலாளர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் பெரும்பாலோர் உயர்ந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதே இல்லை என்று கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோஃபர் ஏவரி இருவரும் காட்டியிருந்தார்கள். பலருக்கு அத்தகைய கல்லூரிதான் எல்லாவற்றிலும் மலிவாக முடிந்திருக்கும். ஒரு மாணவருக்கு 6 டாலர் செலவில் உண்மைக் கட்டணத்தைத் தபாலில் தெரிவித்தபோது விண்ணப்பங்கள் கூடின. ஆனால் கல்லூரி வாரியம் அதையே நாடு முழுவதும் பெரிய அளவில் செய்தபோது பலன் ஏறக்குறைய மறைந்துபோனது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் டைனார்ஸ்கியும் சகாக்களும் செய்தது வேறு. எந்த நிதியுதவிப் படிவமும் நிரப்ப வேண்டாம், அனுமதி பெற்றுச் சேர்ந்தால் நான்காண்டுக் கட்டணம் இலவசம் என்று மாணவருக்குக் கடிதம் அனுப்பினார்கள். அது அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே கிடைக்கக்கூடிய உதவிதான். விண்ணப்பித்தவர் 26 சதவீதத்திலிருந்து 68 சதவீதமாகவும், சேர்ந்தவர் 12 சதவீதத்திலிருந்து 27 சதவீதமாகவும் உயர்ந்தார்கள். குடும்பங்களுக்கு வேண்டியது மதிப்பீடு அல்ல, உறுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

உறுதிமொழிகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. 2005இல் பெயர் வெளியிடாத கொடையாளர்கள் மிச்சிகனின் கலமசூ நகர அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தார்கள். டென்னசி மாநிலம் 2015 முதல் இரண்டாண்டுக் கல்லூரிகளை இலவசமாக்கியது. 2004இல் 40,000 டாலருக்குக் கீழ் வருமானமுள்ள பெற்றோர் எதுவும் கொடுக்க வேண்டாம் என்ற ஹார்வர்டு, 2025இல் அந்த வரம்பை 1,00,000 டாலராக அறிவித்தது.

அனுமதிக்குப் பின் வரும் உதவிக் கடிதங்கள் மட்டும் இன்னும் தெளியவில்லை. நியூ அமெரிக்கா, யூஆஸ்பயர் என்ற இரண்டு அமைப்புகள் 2018இல் ஆராய்ந்தபோது, 455 கல்லூரிகள் வட்டிச் சலுகையற்ற ஒரே அரசுக் கடனை 136 பெயர்களில் எழுதியிருந்தன. அவற்றில் 24இல் கடன் என்ற சொல்லே இல்லை. 91 சதவீதக் கல்லூரிகள் நிகரக் கட்டணத்தைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை அல்லது குறைத்துக் காட்டின என்று அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2022இல் கண்டது. முன்னதாகவே சேருவேன் என்று கட்டுப்பட்டு விண்ணப்பிக்கும் முறையில் இரண்டு கடிதங்களை ஒப்பிடும் வாய்ப்பே இல்லை. அது பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களுக்கே வசதி.

2020 டிசம்பரில் நிறைவேறிய எளிமைப்படுத்தும் சட்டம் ஃபாஃப்சாவின் கேள்விகளைப் பெரிதும் குறைத்தது, வரி விவரங்களை வருவாய்த் துறையிலிருந்தே எடுக்க வைத்தது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் குடும்பப் பங்கைப் பகிர்ந்து குறைக்கும் பழைய சலுகையை அது நீக்கியது. புதிய படிவம் அக்டோபருக்குப் பதில் 2023 டிசம்பர் 30 அன்றுதான் திறந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளால் பல வாரங்கள் அதை முடிக்கவே இயலவில்லை. கல்லூரிகளுக்கு விவரங்கள் மார்ச்சில்தான் சேர்ந்தன. வழக்கமாக மே முதல் தேதி முடிவெடுக்கும் மாணவர்களுக்குப் பல கல்லூரிகள் அவகாசம் நீட்டின. இதன் பாரம் அதிகம் விழுந்தது, உதவித் தொகை தெரியாமல் முடிவெடுக்கவே முடியாத குடும்பங்கள்மேல்.

2025இல் வந்த சட்டம் சிறு பண்ணை, சிறு தொழில் சொத்துகளை மீண்டும் கணக்கிலிருந்து விலக்கியது. அதைவிடப் பெரிய மாற்றம் பெற்றோர் கடனில். அதுவரை உதவி போக மீதிச் செலவு முழுவதையும் அதில் வாங்க முடிந்தது. புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 2026 ஜூலை முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு. ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் எடுத்தால் நான்காம் ஆண்டில் மிஞ்சுவது 5,000 டாலர். ஆகவே முதலாண்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவந்த குடும்பங்கள் இனி நான்காண்டுச் செலவையும், ஆண்டுதோறும் ஏறும் கட்டணத்தையும் சேர்த்து, விண்ணப்பத்துக்கு முன்பே மதிப்பிட வேண்டியிருக்கிறது.